கை கனத்தில் ஒரு கிளை

என் பெரியம்மா கடையில் யாருக்கும் கேட்டவுடன் கத்தரியை எடுத்துக் கொடுத்ததில்லை. முதலில் மூன்று கேள்வி கேட்பாள்.

"கிளை உயிரோட இருக்கா, செத்துப்போச்சா? எவ்வளவு கனம்? தரையில நின்னா எட்டுமா?"

மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் பின்னால் தொங்குகிற சாமான்கள் பக்கம் திரும்புவாள். கடையில் எல்லோரும் அவளைக் கேள்வியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆணியும் பெயிண்டும் குழாயும் விற்கிற பெரிய இரும்புக் கடை அது. அதில் தோட்டச் சாமான்களுக்கு ஒரு மூலை. பெரியம்மா அந்த மூலையில் பதினொரு வருடம் நின்றாள்.

அதற்கு முன்னால் ஆணிப் பிரிவில் எட்டு வருடம். கல்யாணமாகி இரண்டாவது வருடமே அவள் கணவர் வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். பெரியம்மா ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்துவிட்டாள். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். தராசில் ஆணியை அள்ளிப் போட்டு அள்ளிப் போட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். தோட்டச் சாமான் விற்றவர் வேலையை விட்டு நின்றபோது, ஆள் கிடைக்கும்வரை நீ பார்த்துக்கொள் என்றார் முதலாளி. அவர் ஆள் தேடவே இல்லை.

அவளுக்கு அந்தச் சாமான்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்லிக் கொடுக்கவும் யாரும் இல்லை. திரும்பி வந்த கத்தரிகளிடம்தான் படித்தாள். வாங்கிப்போன ஒரு வாரத்தில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். அலகு பல் போயிருக்கும், பிடி மடங்கியிருக்கும், திருகு கழன்றிருக்கும். பெரியம்மா சண்டைக்குப் பதில் சொல்ல மாட்டாள். கத்தரியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதை வெட்டுனீங்க?" என்று கேட்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

பச்சைக் கிளைக்கு இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தாண்டிப் போகிற கத்தரி வேண்டும். காய்ந்த கிளைக்கு ஒரே அலகு, அது கீழே இருக்கிற தட்டையான பட்டை மேல் வந்து இறங்கும். பச்சைக் கிளையை இதில் வைத்தால் நசுங்கும், நசுங்கிய இடம் அழுகும். காய்ந்ததை அதில் வைத்தால் அலகு பல் போகும். அதனால்தான் முதல் கேள்வி. ஒரு தடவை ஒரு அம்மா வந்து நின்றவுடன் பெரியம்மா "உயிரோட இருக்கா, செத்துப்போச்சா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, நல்லாத்தான் இருக்காரு, காலையிலகூட காபி கேட்டாரு" என்றாராம். இதைச் சொல்லி எங்கள் வீட்டில் ஒரு வருடம் சிரித்தோம். பெரியம்மா சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் அப்பா, "உயிரோட இருக்கேன், போடு" என்பார்.

இரண்டாவது கேள்வி கனம். கடையில் அதற்கு மூன்று அளவுதான். விரல் கனம் என்றால் கைக்கத்தரி. கை கனம், அதாவது மணிக்கட்டு அளவு என்றால் நீளப் பிடி வைத்த பெரிய கத்தரி. அதற்கு மேல் போனால் வாள். ஆனால் வருகிறவர்கள் சொல்லும் கனத்தைப் பெரியம்மா நம்ப மாட்டாள். "பொய் சொல்றாங்கன்னு இல்ல. கீழே நின்னு பாத்தா எல்லாக் கிளையும் ஒல்லிதான்" என்பாள். அதனால் நூல் கொண்டுவரச் சொல்வாள். கிளையைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி, முனை சேருகிற இடத்தில் வெட்டி எடுத்து வர வேண்டும். கடை மேசையின் விளிம்பில் பெயிண்டால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள். நூலை நீட்டி வைத்துப் பார்ப்பாள். பச்சைக் கோட்டுக்குள் அடங்கினால் கைக்கத்தரி. மஞ்சள் கோட்டுக்குள் என்றால் நீளப் பிடி. மஞ்சளைத் தாண்டினால் வாள்தான், எத்தனை கெஞ்சினாலும்.

மூன்றாவது கேள்விதான் யாருக்கும் புரியாது. தரையில் நின்று எட்டினால் என்ன, எட்டாவிட்டால் என்ன, கத்தரியைக் கொடு என்பார்கள். பெரியம்மா நீளப் பிடிக் கத்தரியை எடுத்து இரண்டு கையாலும் விரித்துக் காட்டுவாள்.

"பாருங்க, இதுக்கு ரெண்டு கையும் வேணும். ஏணி மேல நின்னா ஒரு கை ஏணிக்குன்னு போயிடும். மூணாவது கைக்கு எங்க போவீங்க?"

எட்டாது என்றால், தரையில் நின்றே அறுக்கிற மாதிரி நீளக் கம்பின் நுனியில் மாட்டிய வாளைக் கொடுப்பாள். இல்லாவிட்டால் ஆள் வைத்து வெட்டிக்கொள்ளுங்கள் என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவாள்.

வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பினால் எந்த முதலாளிக்குப் பிடிக்கும்? "நீ கடை நடத்துறியா, பரீட்சை நடத்துறியா?" என்பார். "வர்றவன் பொருள் வாங்க வர்றான். பாஸ் ஆக இல்ல." பெரியம்மா சரிங்க என்பாள். அடுத்து வருகிறவரிடம் மறுபடியும் உயிரோட இருக்கா என்று ஆரம்பிப்பாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை. காற்றுக்கு முன்னால் கிளையை வெட்டிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நாளில் ஞாபகம் வந்த மாதிரி கடையில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் தையல்காரர் வந்தார். மூன்று தெரு தள்ளி வீட்டு முன்னறையிலேயே கடை வைத்திருந்தவர். இரும்புக் கடை ஆட்கள் போட்டுக்கொள்கிற காக்கி மேலங்கியெல்லாம் அவர் தைத்ததுதான். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பெரியம்மா பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை மாறாது.

"உயிரோட இருக்கா, செத்துப்போச்சா?"

"எது, நானா, கிளையா?"

"உங்களைத்தான் பாத்தாலே தெரியுதே. கிளையைச் சொல்லுங்க."

"நல்லா உயிரோடதான் இருக்கு. காத்தடிச்சா தகரக் கூரையைப் போட்டு உரசுது. நான் தூங்கிடுவேன். வீட்டுல அவளுக்குத்தான் பொட்டுத் தூக்கம் இல்ல. பேய் நகத்தால கீறுற மாதிரி இருக்காம்."

"எவ்வளவு கனம்? நூல் கொண்டுவந்தீங்களா?"

தையல்காரர் பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? எங்கிட்ட நூல் கேக்குறாங்க! ஏம்மா, நான் குடியிருக்கிறதே நூலுக்கு நடுவுல. இருபத்தெட்டு வருஷமா அளவு எடுக்கிறவன். கண்ணால பாத்தாலே போதும். கை கனம்."

"கை கனம்தானே?"

"கை கனமேதான். ஒரு நூல் கூட வந்தா என் காதை அறுத்துக்கிறேன்."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்துவிட்டாள். அளவுக்காரருக்கே அளவு சொல்வதா என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. நீளப் பிடிக் கத்தரியை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்றாவது கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. அப்போதுதான் முதலாளி கல்லாவிலிருந்து சத்தம் போட்டார்.

"அங்க என்ன, இன்டர்வியூ நடக்குதா? பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு!"

தையல்காரர் கத்தரியை எடுத்துக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டினார். "அடேயப்பா, போர்வை வெட்டலாம் போலிருக்கே" என்றார். போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பெரியம்மா சொன்னாள். "இன்னிக்கு ஒரு கேள்வி மிச்சமாயிடுச்சு."

"விடு, நாளைக்குச் சேத்துக் கேட்டுக்கலாம்" என்றார் அப்பா.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு. அன்று காலையில்தான் தையல்காரர் ஏணியிலிருந்து விழுந்தார்.

திங்கட்கிழமை பெயிண்ட் பிரிவில் இருப்பவர் வந்து சொன்னபோது, பெரியம்மாவின் வாயில் முதலில் வந்தது, "உயிரோட இருக்காரா?" என்பதுதான். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாளாம். பக்கத்தில் நின்றவர்களுக்கும் சங்கடமாகிவிட்டது. சுவரின் விளிம்பில் பின்னந்தலை பட்டிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். பத்தாவது நாள் கடைக்குச் செய்தி வந்தது.

அன்றைக்கே முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் மெதுவாகப் பேசினால்தான் பயம் என்று பெரியம்மா சொல்வாள்.

"யாராவது வந்து கேட்டா, அவரே கேட்டு வாங்கினாருன்னு சொல்லு. பில்லுல கத்தரி ஒண்ணுன்னுதான் இருக்கு. வேற எதுவும் இல்ல. நீ என்ன கேட்டே, என்ன கேக்கலைங்கிறதெல்லாம் யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் கேட்டிருந்தா..."

"இத்தனை வருஷம் கேள்வியா கேட்டுக்கிட்டு இருந்தே. இப்ப பதில் சொல்லக் கிளம்பாதே. வாயைத் திறந்தா வேலை கிடையாது. அவ்வளவுதான்."

இதன் அர்த்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. அப்பா வேலை பார்த்த நூற்பாலை அந்த வருடம்தான் மூடியது. நான் பள்ளிக்கூடம் முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது பெரியம்மாவின் சம்பளம் ஒன்றுதான். அவள் சும்மா இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். அவளை யாரும் வந்து கேட்கவும் இல்லை.

ஆனால் ஊர் வேறொருவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. தையல்காரர் மனைவிதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே போன் அடித்திருக்கிறது. எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? புருஷனை ஏணியில் நிறுத்திவிட்டு யாரிடம் பேசப் போனாள் என்கிற வரைக்கும் பேச்சு வளர்ந்தது. வீடு தையல்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. தம்பியைக் கைவிட்டவளை இனி இந்த வீட்டில் வைத்திருக்க மாட்டேன், மாதம் முடிந்ததும் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். அந்தப் பிறந்த வீட்டில் யாரும் உயிரோடு இல்லை. இதையெல்லாம் ஆணி வாங்க வந்த ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதைப் பெரியம்மா கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நூல்கண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வா, ஒரு வீட்டுக்குப் போகணும். ஏணி பிடிக்க ஆள் வேணும்" என்று என்னைக் கூப்பிட்டாள். அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, போய் என்னன்னு சொல்லப்போறே?"

"முதல்ல பாக்கணும். பாக்காம எப்படிச் சொல்றது?"

அந்த வீட்டு முன்னறையில் தையல் மெஷினை ஒரு போர்வையால் மூடியிருந்தார்கள். மேலே கம்பியில் ஒரு சட்டை தொங்கியது. உடம்பு தைத்து முடிந்திருந்தது, கை இன்னும் வைக்கவில்லை. கை வரவேண்டிய இடத்தில் இரண்டு வட்டமான ஓட்டை. தையல்காரர் மனைவி மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் இருந்த அண்ணன்காரர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு?"

"இரும்புக் கடையிலருந்து வர்றேங்க. கத்தரி கொடுத்தது நான்தான். மரத்தை ஒரு தடவை பாக்கணும்."

"மரத்தைப் பாத்து என்ன ஆகப்போகுது? போன உசுரு அதுலயா தொங்குது?"

ஆனாலும் எழுந்து வந்தார். தையல்காரர் மனைவியும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பின்பக்கம் குறுகலான இடம். சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் மரம். அந்தக் கிளை அப்படியே இருந்தது. விழவில்லை. கொஞ்சம் சாய்ந்து, தகரக் கூரை மேல் படுத்திருந்தது. நுனி இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன. ஏணி மரத்தில் சாய்த்தபடியே நின்றது. கத்தரி சுவரோரம் கிடந்தது, மழையில் நனைந்து துருப்பிடித்திருந்தது.

"ஏணியை யாராவது தொட்டீங்களா?" பெரியம்மா கேட்டாள்.

"எவன் தொடுவான் அதை?" என்றார் அண்ணன்காரர்.

பெரியம்மா குனிந்து ஏணியின் இரண்டு காலையும் பார்த்தாள். மண்ணுக்குள் நாலு விரல் இறங்கி ஊன்றியிருந்தது. இழுபட்ட தடம் இல்லை. பிறகு கத்தரியை எடுத்தாள். ஒரு பிடி முழங்கையைப் போல மடங்கியிருந்தது. திரும்பி வந்த கத்தரிகளைப் பார்க்கிற அதே மாதிரி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "பிடிச்சுக்கோ. நான் இறங்குற வரைக்கும் விடாதே" என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை யார் காதில் விழுந்தது என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தையல்காரர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியம்மா ஏறி, வெட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் கிளையைச் சுற்றி நூலைச் சுற்றினாள். முனையைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு இறங்கினாள். நூலை நீட்டிப் பிடித்தாள். மஞ்சள் கோடு கடையில்தான் இருந்தது, ஆனால் அதன் நீளம் அவளுக்கு மனப்பாடம். நூல் அதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

"இது கை இல்லையே" என்றாள் யாரையும் பார்க்காமல். "கை கனம்னாரே. இருபத்தெட்டு வருஷம் அளவு எடுத்தவர். எப்படி இவ்வளவு தப்பாச் சொன்னாரு?"

அதுவரை ஒரு வார்த்தை பேசாத தையல்காரர் மனைவி நூலைப் பார்த்தார்.

"அவர் தப்பாச் சொல்லலையே. இதுதான் கை."

"எதுங்க?"

அவர் தன் தோளுக்குக் கீழே, சட்டைக் கை தொடங்குகிற இடத்தைத் தொட்டுக் காட்டினார். "கைச் சுத்துன்னா இங்கதான் எடுப்பாரு. மணிக்கட்டை அவர் கைன்னு சொல்லவே மாட்டாரு. அது கஃப்."

பெரியம்மா நூலைத் தன் மேல்கையில் சுற்றினாள். இரண்டு முனையும் சேர்ந்தன. ஒரு நூல்கூட மிச்சம் இல்லை.

பிறகு பெரியம்மா அண்ணன்காரர் பக்கம் திரும்பினாள். கடையில் சாமானை விளக்கிச் சொல்வாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

"இந்தக் கத்தரி வாய்க்குள்ள இந்தக் கிளை கொள்ளாதுங்க. ஓரம் ஓரமா சுத்திக் கடிச்சிருக்கார், மேல தடம் இருக்கு. கடைசியா கடிச்சது மாட்டிக்கிச்சு. ரெண்டு கையாலயும் பிடியை இழுத்திருக்கார். பிடி மடங்கிருச்சு. இழுத்த வேகத்துல அவர் பின்னாடி போயிட்டார். ஏணி வழுக்கலைங்க. வழுக்கியிருந்தா அதுவும் விழுந்திருக்கும். வச்ச இடத்துலயே நிக்குது பாருங்க. கீழே இவங்க பிடிச்சிருந்தாலும், நீங்க பிடிச்சிருந்தாலும், அவர் விழுந்திருப்பார்."

"அப்ப யாரு மேல தப்புங்கிறே?"

"இதை ஏணி மேல கொண்டுபோகக் கூடாதுங்க. வாங்குற எல்லார்கிட்டயும் நான் கேப்பேன், தரையில நின்னா எட்டுமான்னு. இவர்கிட்டக் கேக்கல. நூலும் வாங்கல. கூட்டமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

அண்ணன்காரர் அவளையே பார்த்தார்.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேக்க உனக்கு வாய் வலிச்சுதா?"

பெரியம்மா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"வெளிய போ."

நாங்கள் முன்னறை வழியாகத் திரும்பினோம். தையல்காரர் மனைவி பின்பக்கத்திலேயே நின்றுவிட்டார். எங்களைப் பார்க்கவில்லை, ஏணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அண்ணன்காரர் நான்கு பேரோடு கடைக்குப் போனார். பதினோரு மணிக்குப் பெரியம்மா வீட்டில் இருந்தாள். மேலங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். அது தையல்காரர் தைத்தது என்பது எனக்கு ராத்திரி படுக்கும்போதுதான் தோன்றியது.

அம்மா அவளைத் திட்டவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. திட்டினாள்.

"உண்மையைச் சொல்லிட்டே, சரி. நாளைக்கு அடுப்புல எதை வச்சு எரிக்கிறது, உண்மையையா?"

"அந்தப் பொண்ணு போறதுக்கு இடம் இல்லடி."

"நமக்கு இருக்கா?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். உயிரோட இருக்கேன், போடு என்று அவர் சொல்வது அதோடு நின்றுவிட்டது.

ஊர் வாய் மூடவில்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது. தையல்காரர் மனைவியைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது பெரியம்மாவைப் பற்றிப் பேசினார்கள். காசுக்கு ஆசைப்பட்டு உயிரை எடுத்தவள் என்று நானே என் காதால் கேட்டேன். அந்த வீட்டு விஷயத்தில் அண்ணன்காரர் என்ன முடிவு செய்தார் என்று தெரியவில்லை. மாதம் முடிந்தது. போகச் சொன்னதாகவும் செய்தி இல்லை, இருக்கச் சொன்னதாகவும் இல்லை.

ஒருநாள் நான் கடைக்குள் போய்ப் பார்த்தேன். தோட்டச் சாமான் மூலையில் ஆள் இல்லை. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவில் காட்டினால் போதும். மேசை விளிம்பில் அந்தப் பச்சைக் கோடும் மஞ்சள் கோடும் அப்படியே இருந்தன. ஒருவர் அதன் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார்.

பெரியம்மா வேலை தேடினாள். அவள் பெயரைச் சொல்வதற்கு முன்பே எந்தக் கடையிலிருந்து வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு துணிக்கடையில் தரை துடைக்கக் கூப்பிட்டார்கள், போனாள். மாலையில் வந்து சுவரில் சாய்ந்து உட்காருவாள். மேல்கையைச் சில சமயம் இன்னொரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டிருப்பாள். குளிருதா என்று கேட்டால் இல்லை என்பாள்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னோம். வாசற்படியிலேயே நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. சுருட்டிய ஒரு நூலைக் கையில் வைத்திருந்தார். தையல் நூல், வெள்ளை.

"அந்தக் கிளையை எடுக்கணும்" என்றார். "காத்தடிச்சா இன்னும் உரசுது. வெட்ட ஆள் கூப்பிட்டா, அந்த மரமான்னு கேட்டுட்டு யாரும் வர மாட்டேங்கிறாங்க."

பெரியம்மா எழுந்து நின்றாள்.

"கேளுங்க" என்றார் அவர். "மூணு கேள்வி கேப்பீங்களாமே."

பெரியம்மா வாயைத் திறந்தாள். முதல் கேள்வி வரவில்லை. பதினொரு வருடம் தினமும் கேட்ட கேள்வி. உதடு அசைந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாவைப் பார்த்து அதை எப்படிக் கேட்பாள்?

தையல்காரர் மனைவி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தானே சொன்னார்.

"செத்துப்போச்சு. இலையெல்லாம் கொட்டிருச்சு. கனம் இந்தா." நூலைப் பெரியம்மா கையில் வைத்தார். "தரையில நின்னா எட்டாது."

"நீங்களா ஏறி நூல் எடுத்தீங்க?"

"வேற யாரு இருக்கா?" என்றார் அவர். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே, "நான் ஏணியை விட்டுட்டுப் போனது நிஜம். நீங்க சொன்னதுனால அது இல்லாமப் போயிடாது. அவர் விழுந்தப்ப நான் உள்ளே இருந்தேன். அது என்னோடது. கேக்காம விட்டது உங்களோடது. ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சுக்க வேண்டாம்" என்றார்.

பெரியம்மா நூலை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"கத்தரி ஆகாது" என்றாள் கடைசியில். "நீளக் கம்பு வாள்தான். முதல்ல கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுக்கணும், அப்புறம் மேல. இல்லைன்னா பட்டையோட கிழிஞ்சு நம்ம மேலேயே வரும். கயிறு கட்டி இறக்கணும். ரெண்டு ஆள் வேணும்."

"நான் ஒருத்தி இருக்கேன்" என்றார் தையல்காரர் மனைவி.

பெரியம்மா குனிந்து வாசலில் செருப்பைத் தேடினாள்.